தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொள்வது

தண்ணீர் குடிக்க யாராவது கற்றுத்தர வேண்டுமா என்ன? பிறந்த குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவதோடு அந்தப் பாடம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் முப்பது வயதிலும் ஐம்பது வயதிலும் அதை முதலிலிருந்து திரும்பப் படிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். உடல் எடையைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான் அவர்கள்.

அக்னி நட்சத்திர வெயிலில் சிதம்பரம் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். பாட்டிலைத் திறந்து, தலையை அண்ணாந்து, மடக் மடக்கென்று அரை லிட்டரை உள்ளே இறக்கிவிட்டு, ஒரு ஏப்பம் விட்டால்தான் உயிர் வந்த மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒருவர் அதே தாகத்தோடு, ஒரு மூடியளவு தண்ணீரை வாயில் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து விழுங்கி, மறுபடி பாட்டிலை மூடுகிறார். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு மூடி. பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவருக்கோ அதுதான் அன்றைய முழுநேர வேலை!

இந்த ஆபரேஷனைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சு அடிபடாமல் இல்லை. 2024 ஏப்ரலில் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடந்தது. செய்தித்தாள்கள் பல நாள் எழுதின. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே எவ்வளவு தூரம்? டீக்கடைகளில் எல்லாம் அதே பேச்சு. ஆனால் பேசியதெல்லாம் ஆபரேஷன் மேசையைப் பற்றித்தான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீடு திரும்புகிறவர் அடுத்த ஆறு வாரத்தை எப்படிக் கழிக்கிறார் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கே அது சரியாகத் தெரிவதில்லை.

வயிற்றுக்குள் என்னதான் நடக்கிறது?

சாதாரண வயிறு ஒரு லிட்டருக்கு மேல் விரிந்து கொடுக்கும். இன்று உலகத்தில் அதிகமாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில், வயிற்றின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு ஒல்லிக் குழாய். அதில் 100 முதல் 150 மில்லி வரை பிடிக்கும். பைபாஸ் முறையில் வயிற்றின் மேல்பக்கத்தில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். அந்தப் பையில் பிடிப்பது சுமார் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் தொடங்கி வைத்த வழி இது. இப்போது சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோபி மூலம் செய்கிறார்கள்.

வெட்டித் தைத்த இடம் முதல் சில வாரங்களுக்கு வீங்கியிருக்கும். ஏற்கெனவே குறுகிய வழி இன்னும் குறுகிப்போகும். அப்போது ஒரு வாய் நிறையத் தண்ணீரை விழுங்கினால், அது கீழே இறங்க இடமில்லாமல் நெஞ்சுக்குழியில் நிற்கும். வலி, குமட்டல், வாயில் நுரை நுரையாக எச்சில், பிறகு வாந்தி. பலருக்குச் சாதாரணத் தண்ணீரே கனமாக, கல் போல இறங்குவதாகத் தோன்றும். ‘தண்ணீர்கூடக் குடிக்க முடியலையே’ என்று அழுகிறவர்கள் நாடகமாடவில்லை. அவர்கள் சொல்வது அப்படியே உண்மை.

இன்னொரு பக்கம், தண்ணீர் குடிக்காமல் இருக்கவும் முடியாது. நம் உடம்புக்குப் போகும் நீரில் ஒரு பங்கு சோறு, குழம்பு, காய்கறி வழியாகப் போகிறது. சாப்பாடே நாலு கரண்டியாகச் சுருங்கிவிட்ட பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். அதனால்தான் ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் நோயாளிகள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக நீர்ச்சத்துக் குறைவு இருக்கிறது. இது உலகம் முழுக்க உள்ள அனுபவம். கடலூர் மாதிரி கடலோர ஊரில், மே மாதப் புழுக்கத்தில், சட்டை ஒரு மணி நேரத்துக்குள் நனைந்துவிடும் இடத்தில், இது இன்னும் சீக்கிரம் வரும்.

ஒரு சின்னக் கணக்கு

நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும் என்பதுதான் பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் அளவு. 30 மில்லி பைக்குள் ஒன்றரை லிட்டரா என்று மலைக்க வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு மேசைக்கரண்டி என்றால் ஒரு மணி நேரத்தில் 180 மில்லி. எட்டரை மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் தாண்டிவிடும். ஆக இது முடியாத காரியம் இல்லை, நேரம் பிடிக்கும் காரியம். காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.

‘30 மில்லி குடியுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் நம் வீடுகளில் அதை எதால் அளப்பது? இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி இருக்கிறது. பழைய வீடுகளில் குழந்தைக்கு மருந்து புகட்டிய பாலாடை இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டால், கற்றுக்கொடுக்க வேண்டியதில் பாதி முடிந்தது. தாகம் எடுத்தபின் குடிப்பது இவர்களுக்குச் சரிப்படாது. தாகம் எடுத்துவிட்டால் மடமடவென்று குடிக்கத் தோன்றும், குடித்தால் வாந்தி வரும், வாந்தி எடுத்தால் இருந்த நீரும் போகும். தாகம் வருவதற்கு முன்பே குடித்துக்கொண்டிருப்பதுதான் வழி.

சில மாதங்களில் வீக்கம் வடிந்து, பெரும்பாலானவர்கள் வாய் நிறையக் குடிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆக இந்தப் பாடம் ஆயுள் முழுவதற்கும் அல்ல. ஆனால் அந்தச் சில மாதங்களைத் தாண்டியாக வேண்டும்.

அண்ணாந்து குடிக்கும் ஊர்

மருத்துவர் சொல்வது: உதட்டில் வைத்து, சிறிது சிறிதாக உறிஞ்சிக் குடி. நம் வீட்டில் சொல்வது: எச்சில் பண்ணாதே, தூக்கிக் குடி!

டம்ளரையும் செம்பையும் உதட்டில் படாமல் உயர்த்தி, தொண்டைக்குள் தண்ணீரை ஊற்றிக்கொள்வது நம் பக்கத்தில் மரியாதை. பொதுப் பானையும் பொதுச் செம்பும் இருந்த காலத்தில் அது நல்ல சுகாதாரமும்கூட. ஆனால் குறுகிப்போன வயிற்றுக்கு இதைவிட மோசமான முறை இல்லை. ஊற்றும்போது எவ்வளவு போகிறது என்று தெரியாது, நிறுத்தவும் முடியாது, தண்ணீரோடு காற்றும் சேர்ந்து இறங்கும். சாதாரண வயிற்றில் அந்தக் காற்று ஒரு ஏப்பத்தோடு போய்விடும். இவர்களுக்கு அது நெஞ்சை அடைக்கும் வலி.

இதற்குப் பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை. அவருக்கென்று தனி டம்ளர், தனி பாட்டில். ‘ஏம்மா, வாய் வச்சுக் குடிக்கிற?’ என்று மாமியாரோ அத்தையோ கேட்காமல் இருந்தால் போதும்.

அடுத்தது சாப்பாட்டு நேரம். இலை போட்டதும் பக்கத்தில் டம்ளரில் தண்ணீர் வைப்பது நம் வழக்கம். விக்கினால் குடிக்க வேண்டும், காரம் என்றால் குடிக்க வேண்டும், கடைசியில் ரசம், மோர் என்று சாப்பாடே பாதி தண்ணீராக முடியும். ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்கிறார்கள். பெரும்பாலும் அனுபவத்தில் வந்த விதி இது. காரணம் எளிதானது. இருக்கிற கொஞ்ச இடத்தில் சோறு உட்கார்ந்திருக்கும்போது தண்ணீரையும் ஊற்றினால் வழியத்தான் செய்யும்.

கல்யாண வீட்டுப் பந்தியில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இட்லி, கொத்சுவை இரண்டு விரல்கடை சாப்பிட்டுவிட்டு எழுந்தால், ‘என்ன, எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?’ என்று கேள்வி வரும். உண்மையைச் சொன்னால், ‘அடப்பாவி, வயித்தையே வெட்டிக்கிட்டியா? வாயைக் கட்ட முடியாதா?’ என்று அடுத்த கேள்வி. இதற்குப் பயந்தே பலர் ஆபரேஷனை மறைக்கிறார்கள். மறைப்பதற்காக எல்லோரையும் போலச் சாப்பிடவும் குடிக்கவும் முயல்கிறார்கள். பிறகு மண்டபத்தின் பின்பக்கம் போய் வாந்தி எடுக்கிறார்கள். உபசாரம் நல்ல குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘போதும்’ என்று ஒருவர் சொன்னால் அதை முதல் தடவையிலேயே நம்புவதும் உபசாரத்தில் சேர்த்திதான்.

‘வாயைக் கட்ட முடியாதா?’ என்ற கேள்விக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேரும், 100 ஆண்களில் 37 பேரும் அதிக எடை உள்ளவர்கள். இத்தனை பேருக்கும் வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனமான பதில். எடை கூடுவதில் பரம்பரை, ஹார்மோன், வேலை முறை, மலிவாகக் கிடைக்கும் அரிசியும் எண்ணெயும் எல்லாம் பங்கு வகிக்கின்றன. எல்லா வழியும் பார்த்து, சர்க்கரையும் மூட்டு வலியும் மூச்சுத் திணறலும் தாங்காமல் ஆபரேஷன் வரை போனவரைக் குறுக்கு வழியில் போனவராகப் பார்ப்பது நியாயமில்லை.

எதைக் குடிப்பது?

இந்த இடத்தில் நம் ஊர் பணக்கார ஊர். டின்னில் அடைத்த பவுடர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வெதுவெதுப்பான தண்ணீர் பலருக்குக் குளிர்ந்த தண்ணீரைவிடச் சுலபமாக இறங்குகிறது. சீரகமோ துளசியோ போட்டுக் கொதிக்க வைத்தால் அந்தக் ‘கல் போன்ற’ கனம் தெரிவதில்லை என்பார்கள். வெந்நீர் கடலூர் மாவட்டத்துக்குப் புதிய யோசனையும் அல்ல. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் 1823-ல் பிறந்து, 1867-ல் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கிய வள்ளலார், அன்றாட ஒழுக்கங்களில் ஒன்றாகக் காய்ச்சிய நீரைக் குடிக்கச் சொன்னவர். அவர் சொன்ன காரணம் வேறு. ஆனால் வீட்டில் பெரியவர்களுக்குப் புரியவைக்க இது உதவும்.

நீர் மோர் அருமையான பானம். உப்பும் இருக்கிறது, கொஞ்சம் புரதமும் இருக்கிறது. வடிகட்டிய ரசத் தெளிவு, பருப்புத் தண்ணீர், நீர்க்கக் காய்ச்சிய கஞ்சித் தண்ணீர் எல்லாம் மருத்துவர் சொல்லும் கட்டத்துக்கு ஏற்பச் சேர்க்கலாம். ரசத்தில் மிளகும் புளியும் முதல் வாரங்களில் குறைவாக இருக்க வேண்டும். இளநீர் நல்லது, ஆனால் முழு இளநீரையும் ஒரே மூச்சில் அல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியதும் நம் ஊரிலேயே இருக்கிறது. முதலாவது, கோலி சோடாவும் பன்னீர் சோடாவும். உள்ளே போன வாயு விரிய இடமில்லை. இரண்டாவது, கரும்புச் சாறு. நெல்லிக்குப்பம் பக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம்தான்! ஆனால் பைபாஸ் செய்தவருக்குச் சர்க்கரைக் கரைசல் வயிற்றில் நிற்காமல் நேராகக் குடலுக்குள் பாய்ந்துவிடும். அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைந்து பேதி. சிலருக்கு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கித் தலைசுற்றும். குளிர்பானங்கள், பாக்கெட் ஜூஸ், சர்க்கரை தூக்கலாகப் போட்ட காபி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

மூன்றாவது, சாராய வகைகள். கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி எல்லை எவ்வளவு பக்கம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பைபாஸ் செய்தவருக்கு மது வழக்கத்தைவிட வேகமாகவும் அதிகமாகவும் ரத்தத்தில் ஏறும். முன்பு இரண்டு கிளாஸில் வந்த போதை ஒன்றிலேயே வரும். சாப்பாட்டின்மேல் இருந்த பிடிப்பு மதுவின்மேல் திரும்பியவர்களும் உண்டு. ‘ஒரு பெக் தானே மச்சான்’ என்று இழுக்கும் நண்பர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பஸ்ஸும் பாத்ரூமும்

பெண்கள் விஷயத்தில் இன்னொரு தடை இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து சென்னைக்கு மறுபரிசோதனைக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். வழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்குமா என்ற பயத்தில் நம் பெண்கள் முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். இது அம்மா, அக்கா எல்லோரும் காலங்காலமாகச் செய்வது. சாதாரண உடம்பு ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து ஈடுகட்டிவிடும். ஆபரேஷன் செய்த உடம்பால் அப்படி ஈடுகட்ட முடியாது. காலையில் விட்டதை மாலையில் சேர்த்துக் குடிக்க வழியே இல்லை. கடைகளிலும் அலுவலகங்களிலும் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்களுக்கும் இதே நிலைமைதான். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் அதுவே முதல் எச்சரிக்கை. நாள்பட்டால் சிறுநீரகக் கல்லில் கொண்டுபோய் விடும். ஆக ‘நிறையத் தண்ணீர் குடிம்மா’ என்று அறிவுரை சொல்வது மட்டும் போதாது. போகும் ரயிலையோ காரையோ யோசிப்பதும், வேலை பார்க்கும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

குளுக்கோஸ் பாட்டில்

கடைசியாக, மிக முக்கியமானது. உடம்பு சோர்ந்துபோனால் நம் ஊரில் முதலில் கேட்பது என்ன? ‘டாக்டர், ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க’. டிரிப்ஸ் ஏற்றினால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி.

ஆபரேஷன் ஆனவர் பத்துப் பதினைந்து நாளாக வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமிப்பில் இருக்காது. சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க அந்தத் தயமின் வேண்டும். அது தீர்ந்துபோன உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது எல்லாம் அதன் அறிகுறிகள். உடனே கவனிக்காவிட்டால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போகக்கூடும். இதைத் தடுக்கும் தயமின் ஊசி விலை மலிவானது. டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன்போ அதோடு சேர்த்தோ போட்டுவிட்டால் போதும்.

ஆனால் ஆபரேஷன் நடந்ததே டாக்டருக்குத் தெரியாவிட்டால் அவர் என்ன செய்வார்? ஊராருக்கு மறைத்த விஷயத்தை இவர்கள் உள்ளூர் டாக்டரிடமும் மறைத்துவிடுகிறார்கள். வெட்கத்துக்கு இவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டுமா?

ஒரு நாள் முழுக்க எதுவும் உள்ளே நிற்கவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, நாடித்துடிப்பு படுத்திருக்கும்போதே 120-ஐத் தாண்டுகிறது, காய்ச்சலோடு வயிற்று வலியோ இடது தோள்பட்டை வலியோ இருக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தைத்த இடத்தில் கசிவு இருக்கலாம். ஒரு மாதம் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று தண்ணீரும் இறங்க மறுத்தால் அந்த இடம் சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோபி மூலமே அதை விரித்துவிட முடியும்.

யார் என்ன செய்யலாம்?

ஆபரேஷன் செய்யும் மருத்துவமனைகள் பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கின்றன. வாந்தி வருவதோ கடலூரிலும் சிதம்பரத்திலும் காட்டுமன்னார்கோயிலிலும். எனவே டிஸ்சார்ஜ் செய்யும்போது ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் கொடுப்பதைவிட, தமிழில் ஒரே ஒரு பக்கம் கொடுக்கலாம். எத்தனை கரண்டி, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எதைக் குடிக்கக் கூடாது, எப்போது ஓடி வர வேண்டும் என்று. அதன் அடியில் உள்ளூர் டாக்டருக்கு இரண்டு வரி: இவருக்கு என்ன ஆபரேஷன், எந்தத் தேதியில், வாந்தியோடு வந்தால் முதலில் தயமின். அதைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டால் ஒரு உயிருக்குக் காப்பு.

நல்ல வேளையாக, நம் பக்கத்தில் ஓடிப்போக இடமில்லாமல் இல்லை. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது, 2021-ல் சுகாதாரத் துறைக்கு மாறி மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாகியிருக்கிறது. வடக்கே போனால் புதுச்சேரியில் ஜிப்மர். அந்த வாசலுக்குப் போய் உண்மையைச் சொல்லும் தைரியத்தை நோயாளிக்குக் கொடுப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களும் நண்பர்களும்.

அடுத்த முறை பஸ்ஸிலோ பந்தியிலோ ஹாஸ்டலிலோ ஒருவர் மூடி மூடியாகத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால், ஏன் எதற்கு என்று கேட்க வேண்டாம். பாட்டில் காலியாகியிருந்தால் நிரப்பிக் கொடுங்கள். அது போதும்.